மைக்கில் வராத வாடை

பதினேழாம் நம்பர் டோக்கனை ஆவுடையம்மாள் மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்ததில் அது பழைய பஸ் டிக்கெட் மாதிரி தொய்ந்துபோயிருந்தது. பத்தாம் நம்பர்தான் உள்ளே போயிருந்தது. தென்காசியில் சாரல் பிடித்த காலை. பல் ஆஸ்பத்திரியின் மாடி ஜன்னல் வழியாக மழை என்றும் சொல்ல முடியாத, காற்று என்றும் சொல்ல முடியாத ஒரு ஈரம் உள்ளே வந்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கையை நனைத்துக்கொண்டிருந்தது. அறைக்குள்ளேயிருந்து மெஷின் கிர்ரென்று கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். அது கிளம்பும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் கைலாசம், "பயப்படாதம்மா, ஊசி போட்டிருவாங்க, ஒண்ணும் தெரியாது" என்று அவள் பக்கம் சாய்ந்து சொன்னான். அவன் சாயும்போதெல்லாம் அந்த வாடை வந்தது. புதினா மிட்டாய் ஒன்றை மென்றுகொண்டிருந்தான். முதலில் புதினா வந்தது. அதற்குப் பின்னால், கொஞ்சமும் அவசரப்படாமல், அது வந்தது. இருபத்தைந்து வருஷம் அவள் பக்கத்தில் படுத்திருந்த வாடை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சுடுகாட்டோடு போய்விட்டது என்று அவள் நினைத்திருந்த வாடை. பல்லுக்காக அவள் பயப்படவில்லை. அறுபதாகப் போகிறது, கடைவாய்ப் பல் ஒன்று போனால் போகட்டும். பெற்ற பிள்ளையிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உன் வாய் நாறுது என்று. பதினேழாம் நம்பரைக் கூப்பிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டை விட்டு இறங்கும்போதே தீர்மானம் பண்ணிக்கொண்டு வந்தாள். நடுவில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேர் வாயைத் திறந்து மூடுவதற்குள் இவள் ஒருத்தி வாயைத் திறக்க முடியாதா என்ன. "கைலாசு" என்றாள். "என்னம்மா?" என்று அவன் மறுபடியும் சாய்ந்தான். "ஒண்ணுமில்ல. மணி என்ன?" பத்தே கால் என்றான்.

போன வாரம் முதல் தடவையாக இங்கே தனியாகத்தான் வந்தாள். பல் டாக்டர் என்றால் வாயைத் திற என்பார் என்று நினைத்து வந்தவளிடம், மகள் என்று ஒருத்தி இருந்தால் அவளைவிடச் சின்னவளாக இருக்கக்கூடிய ஒரு பெண் டாக்டர், முதலில் கையை நீட்டச் சொன்னாள். "வலி வாயிலல்லா இருக்கு, கையில என்னத்தக் கட்டுதிய?" என்று ஆவுடையம்மாள் கேட்டதற்கு நர்ஸ் பிள்ளை சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி இறக்கி, நூற்றிமுப்பது, பரவாயில்லை என்று எழுதிக்கொண்டாள். "பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி பிரஷர் பாக்கணும்மா. அதுவுமில்லாம, ஈறு கெட்டுப்போனவங்களுக்கு பிரஷர் கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாங்க. ஈறுல இருக்கற புண்ணு ஈறோட நிக்காம, ரத்தத்துல போய் குழாயெல்லாம் தொந்தரவு பண்ணுதாம். இதுனாலதான் அது வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டும் கூடக்கூடப் போகுது. ஈறுல ரத்தம் வருதுன்னு இங்க வந்து, பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சுகிட்டுப் போனவங்க எத்தனையோ பேரு. உங்க வீட்டுல யாருக்காவது பிரஷர் இருக்கா?" இல்லை என்றாள். உண்மைதான், இருந்தவர் இப்போது வீட்டில் இல்லை. அடித்துச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை மனசு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. படி இறங்கி, தெருவில் நடந்து, வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போதுதான் அந்த மற்ற வார்த்தை அவளைப் பிடித்தது. ரெண்டும் கூடக்கூடப் போகுது. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோக்காரர் ஒருவர், "என்னம்மா, மயக்கமா?" என்று கேட்டார். மயக்கமில்லை என்று கையை ஆட்டினாள். வாய்க்காக அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்த மாதிரி ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தால் போதும், ஒரு சின்னப் பிள்ளை அவர் கையை நீட்டச் சொல்லியிருக்கும். உட்காரவைக்க வேண்டியவள் அவள்தான். ஏனென்றால் அந்த வாய் எப்படி இருந்தது என்று உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கிடையாது.

உலகநாதன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். வண்டி வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் எழுதுவது ஒரு வேலை. மைக்கில் சொல்வது இன்னொரு வேலை. அவர்கள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. கல்யாணமாகி வந்த புதிதில் காலை எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போன மனுஷன், எட்டேகாலுக்கு ஆகாசத்திலிருந்து, "பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி செல்லும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று பேசியபோது, கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்து நின்றாள் ஆவுடை. வீட்டில் 'போறேன் வாறேன்' என்று பேசுகிறவருக்கு மைக்கில் 'செல்லும்', 'புறப்படும்' என்று வந்தது அவளுக்குச் சிரிப்பாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பிறகு அந்தக் குரல்தான் அவளுக்குக் கடிகாரம். ராஜபாளையம் வண்டியைச் சொன்னால் உலை வைப்பாள். சுரண்டை வண்டியைச் சொன்னால் வடிப்பாள். செங்கோட்டை என்று சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் இழுப்பார், ஏனென்று தெரியாது, அவளுடைய ஊர் செங்கோட்டை. எதிர்வீட்டு அக்கா, "ஒன் வீட்டுக்காரரு ஊருக்கே எடுத்துச் சொல்லுதாரே, ஒனக்குத் தனியா என்னட்டி சொல்லுதாரு?" என்று கேலி பண்ணும். தனியாக என்ன சொன்னார். தனியாக இருக்கும்போது அவள்தான் அவரைச் சொல்லவிடவில்லை. பகல் முழுக்க இரண்டு தெரு தள்ளி அந்தக் குரலைக் கேட்டு உருகுவாள், மத்தியானம் அதே வாய் நடுவீட்டில் வந்து, "ஆவுடை, தண்ணி குடு" என்று கேட்டால், கையை நீளமாக நீட்டிச் செம்பைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். மைக்கில் வருகிற குரலுக்கு வாடை கிடையாது. இதை நினைக்கும்போது அவளுக்கு அவள்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. உள்ளே மெஷின் நின்றது. பதினொன்று என்று கூப்பிட்டார்கள். கன்னத்தில் துண்டை வைத்து அழுத்தியபடி ஒரு பெரியவர் எழுந்து போனார்.

எப்போது ஆரம்பித்தது. கைலாசம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் என்று ஞாபகம். முதல் நாள் வெங்காயம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் கருவாடு என்று நினைத்தாள். பீடி சிகரெட் என்று நினைக்க வழியில்லை, அந்தப் பழக்கமே அவருக்குக் கிடையாது. போய்விடும் என்று இருந்தாள். முதல் மாசத்தில் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். முதல் வருஷத்தில் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஐந்து வருஷம் கழித்துச் சொன்னால், ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாரே. பத்து வருஷம் கழித்துச் சொன்னால், பத்து வருஷமும் நீ சுவரைப் பார்த்துப் படுத்தது இதற்குத்தானா என்று கேட்பாரே. நாளாக நாளாக அந்த வார்த்தை கனத்துக்கொண்டே போனது, எடுக்க முடியாதபடி. ஆரம்பத்தில் ஒரு நாள், அவள் திரும்பிப் படுத்தபோது, "என்ன, கோவமா?" என்று கேட்டார். "வெக்கையா இருக்குல்லா" என்றாள். ஐப்பசி மாசம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வந்து படுத்தார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் ஏலக்காயைக் கண்டுபிடித்தாள். அஞ்சறைப்பெட்டியிலிருந்து மூன்று ஏலக்காயை எடுத்துக் காகிதத்தில் மடித்து, அவர் செருப்பு மாட்டும்போது உள்ளங்கையில் வைத்தாள். "என்னது?" "சும்மா வாயில போட்டுக்கிடுங்க, தொண்டைக்கு நல்லது. மைக்குல பேசுதியல்லா." அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். அன்றையிலிருந்து தினமும் மூன்று. அவள் கொடுக்க மறந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு நடையில் நின்று தொண்டையைச் செருமுவார். கேட்க மாட்டார், நிற்பார். அப்படி நின்றவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே ஆவுடை. வாயில என்னமோ கோளாறு இருக்கு, ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும். கடைசி வருஷங்களில் யாராவது கிட்டே வந்து பேசினால் துண்டின் முனையை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். மரியாதைக்கு என்று நினைத்தாள். அவருக்குத் தெரிந்திருக்குமோ. தெரிந்திருந்தால் ஏலக்காய் எதற்கென்றும் தெரிந்திருக்குமே. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு தினமும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், மேலே போகாது, பின்னாலும் வராது. டோக்கனை மறுபடியும் மடித்தாள்.

ரத்தமும் வந்தது. அதையும் பார்த்தவள்தான். பல் தேய்த்துத் துப்பினால் துவைகல்லுக்குப் பக்கத்தில் ரோஸ் கலரில் கிடக்கும். அவர் பார்ப்பதற்குள் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிடுவாள், அவருக்குத் தெரியாததுபோல. "ஈறு என்னமோ மாதிரி இருக்கு" என்று அவராகவே ஒருநாள் சொன்னபோது, ஆவுடையம்மாள்தான் மருத்துவச்சி கணக்காக, "எல்லாம் உடம்புச் சூடு. மைக்க பிடிச்சுக் கத்துதியல்லா, சூடு ஏறத்தான் செய்யும்" என்று தீர்ப்புச் சொன்னாள். சூட்டுக்கு என்ன செய்யவேண்டுமோ அதை ஒரு குறையுமில்லாமல் செய்தாள். காலையில் உப்பு அள்ளிப் போட்டு நீராகாரம். மத்தியானம் மோர், தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய நார்த்தங்காய், வறுத்த மோர்மிளகாய். ஈறில் தேய்க்க உப்புத்தூள், கொப்பளிக்க உப்புத் தண்ணீர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். சூடு தணியட்டும், தணியட்டும் என்று உப்பாகவே ஊட்டினாள் அந்த மனுஷனுக்கு. பிடரி வலிக்கிறது என்பார், தைலம் தேய்த்துவிடுவாள். பின்னால் நின்று தேய்க்கிற வேலை, முகத்துக்கு முகம் வராது, அதனால் நன்றாகவே தேய்த்துவிடுவாள். அந்தப் பிடரி கொதித்துக்கொண்டிருந்ததை அவள் விரலுக்குச் சொல்லத் தெரியவில்லை. எதிர் பெஞ்சில் ஒரு பெண் மூன்று வயசுக் குழந்தையின் வாயைப் பிடித்து ஆ காட்டச் சொல்லி மூக்கை வைத்து மோந்து பார்த்து, "சீ, நாத்தம்" என்று சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. எத்தனை லேசாகச் சொல்லிவிட்டாள். இந்தக் கைலாசத்துக்கும் அவள் அப்படிச் சொன்னவள்தான். எந்த வயசோடு அந்தப் பேச்சு நின்றுபோகிறது, எந்த நாளிலிருந்து பிள்ளையின் வாய் அந்நியர் வாய் ஆகிவிடுகிறது. "பன்னெண்டு, பதிமூணு ரெண்டு பேரும் வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

இன்றைக்குக் காலையில்தான் எல்லாம் விடிந்தது. ஒரு மாசமாகவே மருமகள் சங்கரி ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறாள். "உள்ள வெக்கையா இருக்கு அத்தை" என்றாள். சாரல் காற்றில் ஊரே போர்த்திக்கொண்டு கிடக்கும்போது இந்தப் பிள்ளைக்கு மட்டும் வெக்கை. கல்யாணமாகி எட்டு மாசம், ஏதோ சிறுசுகளின் பிணக்கு என்று ஆவுடையம்மாள் கண்டுகொள்ளவில்லை. காலையில் கைலாசம் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது சங்கரி ஓடிவந்து அவன் சட்டைப் பையில் புதினா மிட்டாய் டப்பாவைப் போட்டாள். போட்டுவிட்டு அரை அடி பின்னால் தள்ளி நின்றாள். அந்த அரை அடியை ஆவுடையம்மாளுக்குத் தெரியும். அளந்து கொடுக்கச் சொன்னால் கொடுப்பாள். கைலாசம் அப்பன் மாதிரியே முகமெல்லாம் மலர்ந்து, "எம்மா, இவ இது இல்லாம என்னைய வெளியவே அனுப்ப மாட்டா" என்றான். ஆவுடையம்மாள் நடைச்சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் செருப்பின் வார் கழன்றிருந்ததைப் பார்த்துவிட்டு அவன் குனிந்து மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது, முகத்துக்கு நேரே வந்தது அது. அதே வாடை, அதே நடை, அதே செருப்புச் சத்தம். ஒரு கணம் அவர்தான் நிமிர்ந்தார் என்று நினைத்துவிட்டாள். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், "நீயும் வா கைலாசு, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பாவம், இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். முப்பத்துமூன்று வயசு. இதே வயசில் அவருக்கு எப்படி இருந்தது? அவருக்கும் இந்த வயசில்தான் ஆரம்பித்தது. இருபத்தைந்து வருஷம் இருக்கிறது என்று ஒரு மனசு சொன்னது. எல்லாருக்கும் அத்தனை வருஷம் கொடுப்பார்களா என்று இன்னொரு மனசு கேட்டது. சங்கரிமேல் கோபம் வந்தது. வந்த கோபம் நேராக அவளிடமே திரும்பி வந்து உட்கார்ந்தது.

"தலை வலிக்காம்மா?" என்றான் கைலாசம். "முகமே செத்துப்போயிருக்கு." இல்லை என்று தலையாட்டினாள். இவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். சொன்னால் இந்த முகம் என்னவாகும். அப்பாவும் இப்படித்தான் இருந்தாரா என்று கேட்டால் என்ன சொல்வது. ஜன்னலுக்கு வெளியே காற்று திரும்பி, பஸ் ஸ்டாண்டு மைக் சத்தம் இழை இழையாக வந்தது. இப்போதெல்லாம் ஏதோ ஒரு பொம்பளைக் குரல், பதிவு பண்ணி வைத்தது, தடங்கலே வராது. அவருக்கு வந்தது. ஆனி மாசம், இதேபோலச் சாரல், காலை பத்தரை மணி. அவள் சட்னிக்குத் தேங்காய் அரைக்கப் போகிற நேரம். "பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக" என்று வந்தது. பிறகு, "ஆலங்குளம்" என்றது மறுபடி. பிறகு "ஆலங்" என்றது. பிறகு வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி குழகுழவென்று என்னவோ வந்தது. மைக் ரிப்பேர் என்று நினைத்தாள். சாமி சாட்சியாக அப்படித்தான் நினைத்தாள். ஈரத்தில் ஒயர் ஏதாவது கோளாறு பண்ணும், போன வாரம்கூடப் பண்ணியது. கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அவள் மிக்ஸியைப் போட்டாள். தேங்காய் அரைந்தது. உப்புச் சரியாக இருக்கிறதா என்று நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள். முப்பது வருஷம் பொழுதெல்லாம் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த காது, நாக்கு குழறுவதற்கும் ஒயர் கோளாறுக்கும் வித்தியாசம் தெரியாமல் சட்னி அரைத்தது. அவரோடு வேலை பார்க்கும் பிச்சையா வந்து கதவைத் தட்டும்போது கிண்ணத்தில் வழித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருநூற்று முப்பது என்றார்கள். மூளையில் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். இத்தனை நாள் பிரஷருக்கு என்ன மாத்திரை என்று கேட்டார்கள். அவள் விழித்தாள். வாயில் குழாய் செருகியிருந்தார்கள். அப்போதுதான், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, அவர் முகத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து, "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பிச்சையா அவருடைய மேஜைச் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். அவரும் டைம் கீப்பர்தான், பக்கத்து நாற்காலி. ஒரு கண்ணாடி, ஒரு பேனா, ஒரு துண்டு, ஒரு பழைய பால்பவுடர் டப்பா. டப்பாவைத் தனியாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். "மதினி, இத அண்ணாச்சி யாரையும் தொட விடமாட்டாக. டீயில போட ஒண்ணு குடுங்கன்னு கேட்டாக்கூடக் குடுக்கமாட்டாக. வீட்டுல பிரியமாக் குடுத்து விடுதா, அத டீயில போடவான்னு ஏசுவாக." மூடியைத் திறந்தாள். விளிம்புவரைக்கும் ஏலக்காய். அடியில் கிடந்தவை வெளுத்து, உமியாகி, தொட்டால் பொடிந்தன. மேலே கிடந்தவை பச்சை மாறாமல் இருந்தன, அந்த மாசம் அவள் கொடுத்தவை. "ஏன் திங்கல?" என்று கேட்டாள், யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமல். பிச்சையா தலையைக் குனிந்துகொண்டார். "கடைசி ரெண்டு மூணு வருசமாக் கடிக்க முடியல மதினி. ஈறு அவ்வளவு வலி. அவகிட்ட சொல்லிராதய்யா, சங்கடப்படுவா, ஆசையாக் குடுக்கான்னு சொல்லுவாக." அன்றைக்கு அவள் அழவில்லை. அழுகை வருகிற இடத்தில் என்னமோ அடைத்துக்கொண்டது. அவர் வலியைச் சொல்லவில்லை, அவள் வாடையைச் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்று அத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்தார்கள், நடுவில் அது தன்பாட்டுக்கு அவரைத் தின்றுகொண்டிருந்தது. போன வாரம் டாக்டர் சொன்ன பிறகு அந்த டப்பாவை மறுபடியும் திறந்து பார்த்தாள். வாசனையே இல்லை. இங்கே, இந்த பெஞ்சில், இத்தனை பேருக்கு நடுவில், இப்போது அந்த அடைப்பு லேசாக அசைந்தது. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். பதினாறாம் நம்பர் எப்போது உள்ளே போனது என்று அவள் கவனிக்கவில்லை.

"பதினேழு. ஆவுடையம்மா யாருங்க?"

எழுந்தாள். கால் மரத்திருந்தது. கைலாசம், "போம்மா, நான் இங்கனயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து இன்னொரு மிட்டாயை உள்ளங்கையில் தட்டினான். அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்ன நடந்தது என்று பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மிட்டாய் தரையில் விழுந்து உருண்டது.

"நீயும் உள்ள வா."

"நான் எதுக்கும்மா?"

"ஒன் வாயக் காட்டு. எனக்கு அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்."

"எனக்கு என்ன? எனக்குப் பல்லு வலியா கில்லு வலியா?" சிரித்தான். எதிர் பெஞ்சில் எல்லாரும் பார்த்தார்கள். நர்ஸ், "யாராச்சும் ஒருத்தர் வாங்கம்மா" என்றாள். உள்ளே மெஷின் ஓடவில்லை.

"ஒன் வாய் நாறுது கைலாசு," என்றாள் ஆவுடையம்மாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "உங்கப்பாவுக்கு நாறுன மாதிரியே நாறுது. நான் அவுககிட்டச் சொல்லல. ஒரு நாளும் சொல்லல. ஒங்கிட்டச் சொல்லிட்டேன்."

கைலாசத்தின் முகத்தில் இருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. அவன் கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொண்டது. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "பொத்தாதல," என்றாள். "பொத்தாத."

உள்ளே டாக்டர் யாருக்கென்று கேட்காமல் கைலாசத்தை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். வெளியே நடந்தது காதில் விழுந்திருக்க வேண்டும். கைலாசத்தின் வாயை விளக்கு வைத்துப் பார்த்தாள், ஊசி மாதிரி ஒரு கம்பியால் ஈறோரம் தொட்டாள், தொட்ட இடமெல்லாம் சிவந்தது. "எவ்வளவு நாளா ரத்தம் வருது?" "ரெண்டு வருசமா. சூடுன்னு நெனச்சேன்" என்றான். ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்து வயசுப் பிள்ளையாக இருந்தபோது துவைகல்லுக்குப் பக்கத்தில் அப்பாவோடு நின்று பல் தேய்த்தவன். அவள் சொன்ன தீர்ப்பு அவன் காதிலும் விழுந்திருக்கிறது. பிறகு கையில் பட்டையைக் கட்டினார்கள். டாக்டர் ஒரு தடவை பார்த்தாள், புருவம் ஏறியது, இன்னொரு தடவை பார்த்தாள். "நூத்தி அறுபது, நூறு. பதட்டத்துலயும் ஏறும். பத்து நிமிஷம் பேசாம உக்காருங்க, மறுபடி பாக்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா இன்னைக்கே பெரிய டாக்டர்ட்ட போயிரணும். ஈறையும் சுத்தம் பண்ணணும், நாலஞ்சு தடவை வரவேண்டியிருக்கும். நல்லவேளை, சின்ன வயசுலயே வந்தீங்க. அப்பாவுக்கும் பிரஷர் இருந்துச்சா? எவ்வளவு?"

"கடைசி நாளு எரநூத்தி முப்பதுன்னாங்க," என்றாள் ஆவுடையம்மாள்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அவுக கையில யாரும் கட்டிப் பாக்கலியே."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். கைலாசம் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான், கையில் பட்டை சுற்றியபடியே இருந்தது. இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"சங்கரிக்குத் தெரியும், இல்லம்மா?"

"தெரியும்யா. அவளை ஏசிராத. அவளுக்கும் சொல்ல வாய் வந்திருக்காது."

மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்பாவுக்கு? ஏலக்காய் எதுக்குன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

தினமும் முட்டிக்கொண்டு நிற்கிற அதே சுவரில் பிள்ளை வந்து கையை வைத்துவிட்டான். ஆவுடையம்மாள் அந்த டப்பாவை நினைத்தாள், விளிம்புவரைக்கும் கிடந்ததை. "தெரியாதுய்யா," என்றாள். "பிரியத்துல குடுக்கேன்னு நெனச்சுட்டே போயிட்டாக." அத்தோடு அந்த அடைப்பு உடைந்தது. மூன்று வருஷத்து அழுகை, முந்தானைக்கும் அடங்காமல், குலுங்கிக் குலுங்கி வந்தது.

நர்ஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினாள். "அவர்கிட்டப் பேசாதீங்கம்மா, பிரஷர் கூடிரும்."

ஆவுடையம்மாள் தலையாட்டினாள். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து, மகனுடைய தலைமாட்டுக்கு வெகு பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவன் மூச்சு அவள் முகத்தில் பட்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.